தீயிலிருந்து தூக்கி வந்த பெட்டி

வாசிக்க வேண்டிய பகுதி: ஆதியாகமம் 19:15-26



கோடைகாலத்து இராத்திரியில் நம்ம ஃபேர்லேண்ட்ஸ் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால், சில நாட்களில் சேர்வராயன் மலைச் சரிவிலே சிவப்பாக ஒரு கோடு தெரியும். காட்டுத் தீ! "மலையிலதானே எரியுது" என்று சொல்லிப் பாயை விரித்துப் படுத்துவிடுகிறோம். அது நம் வாசல் வரைக்கும் வந்தால்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில், செல்வந்தர்கள் வாழும் பெல் ஏர் பகுதிக்கு 2017 டிசம்பர் 6-ஆம் தேதி அப்படியே வந்தது. யாரோ சமையலுக்கு மூட்டிய நெருப்பு. 6 வீடுகள் அழிந்தன. ஜனங்கள் உயிர் பிழைக்க வெளியேறினார்கள். தீயணைப்பு வீரர்களோ எரிகிற வீட்டுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கழற்றித் தூக்கி வந்தார்கள்.

அது எப்படி முடிந்தது? காட்டுத் தீ வரும்போது அநேகமாய்க் காற்றில் பறக்கும் தீப்பொறிதான் முதலில் வீட்டைப் பிடிக்கும். கூரையில் பற்றினால், கீழே உள்ள அறைகளில் சில நிமிஷம் அவகாசம் கிடைக்கும். அந்த நிமிஷங்களில் எடுக்கக்கூடியதை எடுப்பார்கள். மற்றதை அறை நடுவே குவித்து, தண்ணீர் படாதபடி தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். ஆனாலும் அவர்கள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் உயிர், அடுத்து தீயை அடக்குவது, கடைசியில்தான் பொருள்.

நாமக்கல் பக்கம் ஒரு குடிசை எரிந்தபோது இதை நானே பார்த்தேன். ஒரு தாயார் "என் பெட்டி, என் பெட்டி" என்று உள்ளே ஓடப் பார்த்தார்கள். ஒரு வீரர் தடுத்து, "உள்ளே ஆள் யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றார். "ஆள் இல்லீங்க, பெட்டிதானுங்க." முதலில் கேஸ் சிலிண்டரை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஒரு பக்கம் கூரை இன்னும் பற்றவில்லை. அந்தப் பக்கமாய்ப் போய் டிரங்குப் பெட்டியையும் கொண்டுவந்துவிட்டார் அந்தத் தம்பி. அதில் ஒரு ஜோடி கம்மல் இருந்தது. அந்த அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளுடைய மார்க் ஷீட்டையும், மரித்துப்போன கணவருடைய ஒரே போட்டோவையும் மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்கள்.

பிரியமானவர்களே, இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

1. உங்கள் பொக்கிஷம் எது? விலை உயர்ந்தது அல்ல, திரும்பக் கிடைக்காததே பொக்கிஷம். பத்திரம், சான்றிதழ், ரேஷன் கார்டு, பழைய போட்டோ, எல்லாவற்றையும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரே பையில் வையுங்கள். இன்றைக்கே வையுங்கள். தீ வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

2. திரும்பி உள்ளே போகாதிருங்கள். லோத்தின் குடும்பத்தைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு பானை சட்டியும் கூட வரவில்லை. அவன் மனைவியோ திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனாள். தீயைவிடப் புகைதான் சீக்கிரம் ஆளை விழத்தள்ளும். வெளியே வந்து 101-க்குப் போன் பண்ணுங்கள்.

3. உங்கள் பொருளுக்காக இன்னொருவர் ஜீவனைக் கேட்காதிருங்கள். "உள்ளே நகை இருக்குதுங்க, எடுத்துக் கொடுங்க" என்று கெஞ்சுகிறோமே, அந்த வீரருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அந்த நாளைத்தான் வருஷாவருஷம் தீத்தொண்டு நாளாக நினைவுகூருகிறோம்.

அந்தச் சிவப்பு வண்டியின் இலாகாவுக்குப் பெயரே தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறை. மீட்பு! நாம் சபையில் தினமும் உச்சரிக்கிற வார்த்தை. மீட்கிறவர் முதலில் கேட்பது, "உள்ளே என்ன இருக்கு?" என்றல்ல, "உள்ளே யார் இருக்காங்க?" என்றே. நம் வீட்டிலும் நாம் முதலாவது கேட்க வேண்டியது அதுவே.

கர்த்தர் தாமே உங்கள் வீட்டாரைக் காப்பாராக. ஆமென்.