அச்சாரமும் கடப்பாடும்

ஒரு சொல்லின் பொருளை அறியப் புகுவோர் அது வழங்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். கோயில் திருவிழாவுக்கு மேளம் பேசச் செல்வோர் வெற்றிலை பாக்குடன் சிறு தொகையொன்றையும் கொடுத்து நாளை உறுதிசெய்து மீள்வது நம்மூர் வழக்கம். அத்தொகையே அச்சாரம். அதனைக் கையேற்ற வித்துவான் அதே நாளில் வேறோர் ஊரார் பெருந்தொகை தருவதாகச் சொன்னாலும் அங்கே செல்லார். கொடுத்த ஊராரும் வேறொரு மேளத்தை நாடார். தொகை சிறிது, கட்டுப் பெரிது. இதனை வடமொழியார் சத்தியங்காரம் என்பர். சொன்ன சொல்லை மெய்யாக்குவது என்பது அதன் பொருள்.

இவ்வச்சாரம் இன்று இணையத்திலும் புகுந்துள்ளது. வைத்தியரைக் காண்பதற்கும், முடி திருத்துவதற்கும், ஆசிரியரிடம் தனிப்பாடம் கேட்பதற்கும் வேளை பதிவோர் பலர் கணினியிலேயே முற்பணம் செலுத்திவிடுகின்றனர். நம் பழைய மாணவருட் பலர் அவ்வாறு பணம் பெறுவோர், ஏனையோர் கொடுப்போர். இன்று வகுப்பில் இருக்கும் மாணவரோ நாளை இரண்டும் ஆவர். ஆதலின், இம்முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதையும், அதில் எது நேர்மை என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதலில் அதன் இயக்கத்தைக் காண்போம். தொழில் செய்பவர் தாம் பணிசெய்யும் நாளையும் வேளையையும் இணைய நாட்குறிப்பொன்றிற் பதிந்து வைக்கின்றார். இதற்கென 2006ஆம் ஆண்டில் அக்கியூயிற்றி, 2013ஆம் ஆண்டில் கலண்ட்லி முதலிய மென்பொருள்கள் தோன்றின. வேண்டுவோர் நாட்குறிப்பைத் திறந்து, வெறுமையாயுள்ள வேளையொன்றைத் தெரிந்து, பணம் செலுத்துவர். பணம் சேர்ந்ததும் வேளை உறுதியாகும். அவ்வேளை பிறர் கண்ணுக்குத் தோன்றாது மறையும். இருசாராருக்கும் அஞ்சல் செல்லும். பணத்தை அறவிடும் வேலையை நாட்குறிப்பு மென்பொருள் தானே செய்வதில்லை. ஸ்ரைப் போன்ற வேறு நிறுவனங்கள் அதனைச் செய்கின்றன. கொடுப்பவரின் அட்டை இலக்கம் அந்நிறுவனத்திடமே தங்கும். தொழில் செய்பவருக்கு அதற்கீடான அடையாளக் குறியொன்றே கிடைக்கும். இதனால் அட்டை இலக்கம் பலர் கையில் அகப்படாது காக்கப்படுகின்றது.

முற்பணம் கொள்ளும் வகை மூன்று. முழுத்தொகையையும் முன்னரே பெறுதல் ஒன்று. ஒரு பகுதியைப் பெற்று மிகுதியைப் பணி முடிந்தபின் பெறுதல் மற்றொன்று. பணம் எதுவும் எடாது, அட்டையை மாத்திரம் பதிந்து வைத்து, வாராதொழிந்தவரிடம் தண்டம் அறவிடுதல் மூன்றாவது. இவற்றோடு அட்டையில் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் முறையும் உண்டு. ஒதுக்குதல் வேறு, எடுத்தல் வேறு என்பதை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். ஒதுக்கிய தொகை சில நாள்களுள் எடுக்கப்படாவிடின் உரியவருக்கே விடுபட்டுவிடும். ஆதலின், ஒரு மாதத்துக்கு முன்பே பதியும் வேளைக்கு ஒதுக்குதல் உதவாது.

இனி, முற்பணம் எதற்கு எனக் கேட்பின், காலம் என்னும் சரக்கின் இயல்பே அதற்கு விடையாகும். கடையில் இன்று விலைபோகாத அரிசியை நாளை விற்கலாம். இன்று மாலை ஐந்து மணிக்கு ஒருவர் வாராமையாற் கழிந்த வேளையை நாளை விற்றல் இயலாது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2011ஆம் ஆண்டு நெக்ஸ்ற் என்னும் உணவுச்சாலையைத் திறந்தோர் இதனை நன்குணர்ந்தனர். சமையற் கலைஞர் கிறான்ற் அக்கற்ஸ், அவருடைய பங்காளி நிக் கொகோனாஸ் ஆகிய இருவரும், நாடகத்துக்கு ரிக்கற் விற்பதுபோல இராப்போசனத்துக்கும் முன்கூட்டியே ரிக்கற் விற்றனர். வார இறுதியில் விலை கூடவும் வார நடுவில் விலை குறையவும் வைத்தனர். முன்பதிவு செய்து வாராதொழியும் விருந்தினரால் மேசை வெறிதே கிடக்கும் இடர் இதனால் நீங்கியது. அம்முறையே பின்னர் ரொக் என்னும் மென்பொருளாகிப் பிற உணவுச்சாலைகளுக்கும் பரவியது.

இம்மட்டிற் பார்த்தால் முற்பணம் நன்றே. ஆயினும், பணம் புகுந்த இடத்திற் கடப்பாடு சிலவேளை வெளியேறிவிடும். இஸ்ரவேல் நாட்டின் கைபா நகரிலுள்ள பத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஆய்வொன்றை யூரி நீசி, ஆல்டோ றுஸ்திசினி என்னும் இரு பொருளியலறிஞர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். மாலையிற் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் பிந்தி வருவதைத் தடுக்கும் பொருட்டு, அவற்றுள் ஆறு நிலையங்களிற் சிறு தண்டம் விதிக்கப்பட்டது. பிந்துவோர் தொகை குறையுமென எதிர்பார்க்க, அது ஏறத்தாழ இருமடங்காயிற்று. தண்டத்தை நீக்கியபின்னரும் அது பழைய நிலைக்குக் குறையவில்லை. முன்னர், ஆசிரியை காத்திருப்பாரே என்று நாணிய பெற்றோர், பின்னர், அதற்குத்தான் பணம் கொடுக்கின்றோமே என்று அமைந்தனர் போலும். தண்டம் விலையாயிற்று; நாணம் விலைபோயிற்று.

இவ்விடர் கொடுப்பவர்க்கு மாத்திரம் உரியதன்று, வாங்குபவர்க்கும் உண்டு. இதனைப் பழையோர் அறிந்திருந்தனர். உரோமச் சக்கரவர்த்தி யஸ்ரினியன் 533ஆம் ஆண்டு வெளியிடுவித்த சட்ட நூல், அச்சாரம் கொடுத்துப் பொருள் கொள்ள இசைந்தவன் பின்வாங்கின் அச்சாரத்தை இழப்பான் என்றும், விற்க இசைந்தவன் பின்வாங்கின் அதனை இரட்டித்துக் கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. நம் யாஞ்ஞவற்கிய மிருதியும் சத்தியங்காரமாகப் பெற்ற பொருளை இரட்டித்துத் திருப்புவிக்குமாறு கூறுகின்றது. உரோமரும் பாரதநாட்டாரும் கண்ட நீதி ஒன்றே: அச்சாரம் இருகையையும் கட்டும். இன்று நாம் காணும் இணையப் பதிவு நிபந்தனைகள் பலவற்றில், வாராதவர் பணத்தை இழப்பார் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். பணம் பெற்றவர் வாராவிடின் பெற்றதைத் திருப்பினாற் போதும் என்ற அளவில் அது முடிந்துவிடும். காத்திருந்தவருடைய காலத்துக்கு அங்கே கணக்கில்லை.

இதனை யாம் ஏட்டில் மாத்திரம் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவரின் மகளுக்கு ஞாயிறுதோறும் இணையவழியாகத் தமிழ் கற்பித்து வந்தோம். முற்பணம் மென்பொருள் வழியே முறையாக வந்தது. குளிர்காலத்தில் அங்கே காலை 8 மணி நமக்கு மாலை 6.30 ஆகும். மார்ச்சு மாத இரண்டாம் ஞாயிறன்று அந்நாட்டிற் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினர். ஆகவே, அன்று அங்கே காலை 8 மணி நமக்கு மாலை 5.30 ஆயிற்று. மென்பொருள் அம்மாற்றத்தைத் தானே கணித்து, சரியான நேரத்தை முதல்நாளே அஞ்சலில் அறிவித்திருந்தது. யாமோ பழகிய வேளைதானே என்றெண்ணி அஞ்சலைத் திறவாது விட்டோம். 6.30க்குக் கணினிமுன் அமர்ந்தபோது திரையில் ஒருவரும் இல்லை. தாயார் எழுதிய செய்தி மாத்திரம் இருந்தது. பிள்ளை கொப்பியை விரித்து வைத்து நாற்பது நிமிடம் காத்திருந்தாள் என்றும், சேருக்குச் சுகமில்லையோ என்றும் எழுதியிருந்தார். குறை ஒரு சொல்லும் இல்லை. அன்று பிற்பகல் அவளுக்குப் பேச்சுப்போட்டி. அதற்கு இறுதியாக ஒருமுறை ஒத்திகை பார்ப்பதற்கே அந்த வேளையைப் பதிந்திருந்தாள்.

பணத்தைத் திருப்ப யாம் செய்யவேண்டியதெல்லாம் விசையொன்றை அழுத்துதலே. அழுத்தினோம், பணமும் திரும்பியது. மனம் அமையவில்லை. மேடையில் அவள் நடுவே தடுமாறினாள் என்பதைப் பின்னர் அறிந்தபோது, திருப்பிய பணம் திருப்ப வேண்டியதிற் பாதிகூட அன்று என்பது விளங்கிற்று. பிழையை அவளிடமே ஒப்புக்கொண்டு, வேதனம் பெறாது இரண்டு பாடம் நடத்தினோம். அவளோ, "பரவாயில்லை சேர், அடுத்த வருசமும் போட்டி இருக்குது" என்றாள். யஸ்ரினியனின் சட்டம் அன்றுதான் எமக்குப் பாடமாயிற்று.

ஆகவே, இம்முறையைக் கைக்கொள்ளும் பழைய மாணவர்க்கும், நாளை கைக்கொள்ளவிருக்கும் மாணவர்க்கும் சில கூறி அமைவாம். முற்பணம் வாங்குதல் தவறன்று. நும் காலத்தைக் காத்தற்கு அது தக்க வழியே. ஆனால், எத்தனை மணி நேரத்துக்கு முன்னர் அறிவித்தாற் பணம் திரும்பும் என்பதைப் பணம் கேட்குமுன்னரே எளிய மொழியிற் சொல்லுங்கள். வாராதவர் இழப்பது எவ்வளவு என்று எழுதும் இடத்திலேயே, நீங்கள் வாராவிடின் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். நோயும் இழவும் எவர் வீட்டுக்கும் வருமாதலால், முதன்முறை தவறியவரைப் பொறுங்கள். அட்டை இல்லாத ஏழைக்குக் காசாகக் கொடுக்கும் வாயிலைத் திறந்து வையுங்கள். இன்றேல் நோயுற்ற கிழவி ஒருத்தி உங்கள் கதவருகே நின்றும் உங்களிடம் வரமுடியாதவளாவாள்.

மென்பொருள் வேளையை நினைவூட்டும், பணத்தை எண்ணும், தவறாது திருப்பியும் கொடுக்கும். வாக்கைக் காத்தல் மனிதர் செயல். வெற்றிலையோடு வைத்த சிறு தொகைக்காகப் பெருந்தொகையை மறுத்த வித்துவானுக்கு அதனைக் கற்பித்தது எந்திரமன்று. அக்கல்வியையே இக்கல்லூரி தன் மாணவர்க்கு என்றும் அளித்து வருக என இவ்விழாக் காலத்தில் வாழ்த்தி அமைகின்றோம்.