கடைசிக் குழாய்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டிடமிருந்து பிற மாநிலங்கள் கற்க வேண்டியவை என்று நீ போட்ட பட்டியலில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, மருந்துக் கொள்முதல் இருக்கிறது. சுகாதார ஆய்வாளரை மட்டும் எங்கேயும் காணோம். எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரிகள் நன்றாக இருந்தால் பொது சுகாதாரமும் நன்றாக இருக்கிறது என்று பத்திரிகைக்காரர் எழுதிவிட்டுப் போகலாம். சமூக மருத்துவம் படிக்கிற நீ எழுதலாமா? ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ கேட்ட கேள்வி மனதில் தங்கிவிட்டது: ஒன்றே ஒன்றைத்தான் இங்கிருந்து எடுத்துப்போக முடியும் என்றால் எதை எடுத்துப்போகச் சொல்வது?

1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் என்று பலரும் சட்டென்று சொல்வார்கள். நாட்டின் முதல் பொது சுகாதாரச் சட்டம் அது, பெருமைதான். ஆனால் அதே சட்டம் அன்றைய மாகாணத்தில் இருந்த மலபாருக்கும் கடலோர ஆந்திராவுக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. காகிதம் ஒன்றாக இருந்தும் துறைகள் வேறுவேறாகத்தான் வளர்ந்தன. இங்கே பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம், தனி நிதி, அதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்கள் என்று ஒரு வரிசை நூறு ஆண்டுகளாக அறுபடாமல் நிற்கிறது. 1946இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு, சிகிச்சையையும் தடுப்பையும் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக்கச் சொன்னது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பல மாநிலங்களில் ஒன்றாக்கிய பிறகு நாற்காலி சிகிச்சைக்காரர்களுக்குப் போனது, தடுப்புக்கு மிச்சம் மீதி. இப்போது 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும் 2022இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலும், எல்லா மாநிலங்களும் பொது சுகாதாரத்துக்குத் தனிப் பணிநிலை ஏற்படுத்துங்கள் என்கின்றன. சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தனித்துறை என்ன செய்யும் என்று கேட்பாய். ஒரு கிராமத்து மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது தொட்டி ஆபரேட்டர் வேலை. சுகாதார ஆய்வாளர் போய் நிற்க வேண்டியது தொட்டியடியில் இல்லை. ஊரிலேயே பள்ளமான தெருவில், கடைசிக் குழாயடியில். அங்கே பிடித்த தண்ணீரில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. தொட்டியில் நல்ல மஞ்சள், கடைசிக் குழாயில் நிறமே இல்லையா? வழியில் ஏதோ குளோரினைத் தின்றிருக்கிறது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விட்டு நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுபடும். மண்ணுக்கடியில் கிடக்கும் விரிசலை, ஒருத்தருக்கும் வயிற்றுப்போக்கு வருவதற்கு முன்பே, அந்தச் சொட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கருவி எதுவும் நம் துறையில் இல்லை என்று நான் வகுப்பில் சொன்னபோது நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள்.

ஆனால் குழாய் சுகாதாரத் துறையின் சொத்து அல்ல, ஊராட்சியுடையது. பதிவேட்டில் எழுதிவைத்தால் குழாய் அடைபட்டுவிடாது; ஊராட்சியைத் தோண்டவைக்க வேண்டும். அங்கேதான் சட்டம் வேண்டும், சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அலுவலர் வேண்டும், அவர் சொல்லுக்குப் பின்னால் ஒரு துறை வேண்டும். சோதனைக்குழாயில் நிறம் வராததிலிருந்து மண்வெட்டி இறங்குவது வரைக்கும் போகிற வழி இருக்கிறதே, அதை எடுத்துப்போகச் சொல். என் பதில் அதுதான்.

இங்கே மருத்துவர் ஜான் ஸ்னோவை இழுக்காமல் என்னால் இருக்க முடியாது. 1854இல் லண்டன் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தார், காலரா நின்றது என்று நீயும் எழுதியிருக்கிறாய். கழற்றியது செப்டம்பர் 8. அதற்குள் சாவு இறங்கத் தொடங்கிவிட்டது, ஜனங்கள் பேட்டையை விட்டு ஓடிவிட்டார்கள். ஸ்னோவே அப்படித்தான் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த ஆள் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். ஸ்னோ சொன்னது தப்பு என்று காட்டத்தான் அவர் வீடுவீடாக ஏறி இறங்கினார். கடைசியில் ஸ்னோ பக்கமே வந்து சேர்ந்தார். 40ஆம் எண் வீட்டுக் கைக்குழந்தை எல்லாருக்கும் முன்பே வயிற்றுப்போக்கில் விழுந்தது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அதன் துணி அலசிய தண்ணீர் வீட்டு மலக்குழிக்குப் போயிருக்கிறது. தோண்டிப் பார்த்தார்கள். குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை, செங்கல் இற்றுப்போயிருந்தது. இதைக் கேள் அம்மா: அந்தக் குழந்தையின் தகப்பனுக்குக் காலரா கண்டது கைப்பிடி கழற்றிய அதே நாளில். கைப்பிடி இருந்திருந்தால் கிணறு இன்னொரு சுற்று விஷமாகியிருக்கும். ஆக அது முதல் அலையை நிறுத்தவில்லை, வராத இரண்டாவது அலையைத் தடுத்தது. வராததை யார் கணக்கு வைக்கிறார்கள்? அரசின் சுகாதார வாரியம் ஸ்னோவை ஏற்கவுமில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று அறிக்கை எழுதியது.

நம் பக்கத்திலும் இப்படி வராத ஒன்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பெரிய கொள்ளைநோய் வரவில்லை. அலை கொன்ற அளவுக்கு நோயும் கொல்லலாம் என்று வெளிநாட்டு நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். பிற மாவட்டங்களிலிருந்து பொது சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முகாம்களில் தண்ணீரையும் கழிப்பிடத்தையும் கவனித்தார்கள். அதைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பேரிடரில் செத்தவர்களின் உடல்களிலிருந்து கொள்ளைநோய் கிளம்பும் என்ற வதந்தியை நம்பி எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வீணாகிறது தெரியுமா? மந்திரி வருகிறார் என்றால் சாலையோரத்தில் கோலம் போட்டதுபோல் வெள்ளைப் பொடி தூவுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் ரத்தக்கொதிப்பு ஏறும். புகையடிக்கும் வண்டியும் அதே ஜாதிதான். பறக்கிற கொசு கொஞ்சம் சாகும், வீட்டுத் தொட்டியில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, இன்றைய சிக்கல். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள். நான் சொன்ன துறை கிராமத்தில் வேரூன்றியது. சென்னையில் மாநகராட்சிக்குத் தனிச் சுகாதாரத் துறை உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு மாநகராட்சி எல்லை பார்த்தா பறக்கிறது? அதைவிடப் பெரிது சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அது வாசலுக்கு வந்த சிகிச்சைதான். உப்புக்கும் புகையிலைக்கும் நடக்க இடமில்லாத தெருவுக்கும் எந்தக் குழாயடியில் நின்று சொட்டு விடுவது? நிறம் வரவில்லை என்றால் எந்த அலுவலகத்தைத் தோண்டச் சொல்வது? 1939 சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்த வழியை இனிமேல்தான் போட வேண்டும், உங்கள் தலைமுறைதான் போட வேண்டும்.

கட்டுரையைத் திருத்தும்போது காப்பீட்டை ஒரு பத்தியில் முடி. வண்ண வரைபடங்களில் பாதியை எடுத்துவிடு. ஏதாவது ஒரு வட்டாரத்தின் குளோரின் பதிவேட்டை வாங்கி, நிறம் வரவில்லை என்று எழுதிய தேதிக்கும் குழாயைச் சரிசெய்த தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று கணக்கெடு. இரண்டாவது தேதியை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் அதையும் எழுது. முடித்ததும் அனுப்பு, தாளில் அச்சடித்து அனுப்பு. செல்போனில் படிக்க என் கண் ஒத்துழைக்காது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்