பாடம்: நர்சு வேலைத் தேர்வுக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்வோம்



படாளம், புக்கத்துறை, கருங்குழி பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்க பொண்ணு நர்சுக்குப் படிச்சிட்டு வீட்ல இருக்கு. கவர்மெண்ட் வேலைக்கு என்ன பரீட்சை எழுதணும்?" சிலர் இன்னொன்றும் கேட்கிறார்கள்: "பள்ளிக்கூடத்துக்குன்னே நர்சு வேலை இருக்காமே, அது நெசமா?" இந்த மாதப் பாடம் இந்த இரண்டு கேள்விக்கும் பதில். குழுவில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

பள்ளி நர்சு என்பவர் யார்?

1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் கண்நோய், பேன், சிரங்கு என்று சொல்லி பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. அந்த வருடம் அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்ற நர்சை நாலு பள்ளிகளுக்குப் போட்டார்கள். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார். வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் மறுபடி வகுப்புக்கு வந்தார்கள். பள்ளி நர்சு வேலை அங்கே வேரூன்றியது அப்படித்தான். இன்று அமெரிக்காவில் பள்ளி நர்சுகளுக்கென்றே தனியாக ஒரு சான்றிதழ்த் தேர்வு உண்டு.

நம் நாட்டில் அப்படித் தனிச் சான்றிதழ்த் தேர்வு இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பல பேர் பங்கு போட்டுப் பார்க்கிறார்கள். ஒருவர் நமக்குத் தெரிந்த கிராம சுகாதார செவிலியர். அடுத்து, 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழு. வண்டியில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிப்பது அவர்கள்தான். அதில் டாக்டர்களோடு ஒரு நர்சும் இருப்பார்.

தங்கிப் படிக்கும் பள்ளிகளில் நர்சுக்கென்று தனிப் பணியிடம் உண்டு. பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு 2025இல் மத்திய அரசு ஆள் எடுக்க அறிவித்தது. அதில் பெண் நர்சு பணியிடம் மட்டும் 550. பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்க வேண்டும், நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டரை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். எழுத்துத் தேர்வும் வைத்தார்கள்.

இந்த மூன்று நிபந்தனையையும் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். படிப்பு, பதிவு, அனுபவம். இதில் ஒன்று குறைந்தாலும் தேர்வு எழுத முடியாது. ஆகவே தேர்வுக்குத் தயாராவது புத்தகத்தைத் திறக்கும் நாளில் ஆரம்பிப்பதில்லை, எந்தப் படிப்பில் சேர்க்கிறோம் என்று முடிவு செய்யும் நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

எந்தப் படிப்பு, எந்த வாசல்?

பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று படிப்புகள் இருக்கின்றன.

1. ஏ.என்.எம். இரண்டு வருடம். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு இது.
2. டி.ஜி.என்.எம். என்ற டிப்ளமோ. மூன்று வருடம். ஆஸ்பத்திரி நர்சு வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.
3. பி.எஸ்சி. நர்சிங். நாலு வருடம். மேலே சொன்ன உறைவிடப் பள்ளி வேலை உட்பட அதிக வாசல்கள் இதற்குத் திறக்கும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலேயே அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது.

டிப்ளமோ முடித்தவர்கள் மனம் விட வேண்டாம். இன்னும் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டம் கிடைக்கும்.

தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நர்சுகளை எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். சுருக்கமாக எம்.ஆர்.பி. என்பார்கள். 2012இல் அமைத்தார்கள். 2015இல் ஒரே அறிவிப்பில் 7,243 நர்சு பணியிடங்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்தது இந்த வாரியம்தான். அவை நிரந்தரச் சம்பளமாக இல்லாமல் தொகுப்பூதிய வேலையாகத்தான் தொடங்கின. அறிவிப்பு வந்தால் சம்பளம் எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வேலைக்கும் எழுத்துத் தேர்வு இருக்காது, பரீட்சை மார்க்கை வைத்து எடுக்கும் அறிவிப்பும் வரும்.

சான்றிதழ் செல்லுமா? முதலில் இதைப் பாருங்கள்

நம் பகுதியில் ஒரு குழு உறுப்பினர் உள்கடன் எடுத்து மகளை "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ"வில் சேர்த்தார். வெள்ளைச் சீருடை, தொப்பி, பட்டமளிப்பு போட்டோ எல்லாம் இருந்தது. அரசு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பத்தில் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். அந்தப் பெண்ணிடம் அப்படி ஒரு எண்ணே இல்லை. அந்த மையத்தின் படிப்புக்குப் பதிவு கிடையாது. பணமும் போனது, ஒரு வருடமும் போனது. தவணை மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது.

குறுகிய காலப் படிப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கிளினிக்கில் உதவியாளராக இருக்க அது பயன்படலாம். ஆனால் அது நர்சு படிப்பு இல்லை. பணம் கட்டும் முன்னால் இந்த நாலையும் கேளுங்கள்:

- பள்ளி அல்லது கல்லூரியின் பெயர் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் கவுன்சில் இது. அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து கவுன்சிலின் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.
- படிப்பு ஏ.என்.எம்., டி.ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்ற இந்த மூன்றில் ஒன்றா? வேறு பெயர் சொன்னால் நின்று யோசியுங்கள்.
- கடைசிப் பரீட்சையை நடத்துவது யார்? அந்த மையமே கேள்வித்தாள் போட்டு அந்த மையமே சான்றிதழ் தந்தால் ஏமாற வேண்டாம்.
- பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்? அங்கே எத்தனை படுக்கை?

படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பெயர் பதிவு செய்ய வேண்டும். "கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். அறிவிப்பு வரும்போது கடைசித் தேதிக்குள் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

உள்கடனில் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வையுங்கள். 50,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி மட்டும் 1,000 ரூபாய். அடுத்த மாதமே தவணை ஆரம்பம். கல்விக் கடன் அப்படி இல்லை. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் வங்கி கடன் தரும் என்பதால் அதுவே ஒரு சோதனையும்கூட. வங்கி "இந்தப் படிப்புக்குக் கடன் இல்லை" என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. சேரும் கல்லூரியிலேயே இதைப் பற்றிக் கேளுங்கள். சாதிச் சான்று, ஆதரவற்ற விதவைச் சான்று இருப்பவர்கள் தேர்வுக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று அறிவிப்பில் பாருங்கள். சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வைத்தால் கடைசி நாளில் மதுராந்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

படிப்பது எப்படி?

1. அறிவிப்பை முழுவதும் படிக்க வேண்டும். பாடத்திட்டம், எத்தனை கேள்வி, எத்தனை மணி நேரம், தப்புக்கு மார்க் குறைப்பார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.
2. தமிழை விடக் கூடாது. 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் பாட விடைத்தாளையே திருத்துவார்கள்.
3. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கில மருத்துவச் சொற்கள் தடுமாறும். ஒரு நாற்பது பக்க நோட்டு போடட்டும். ஒரு பக்கம் சொல், எதிர்ப்பக்கம் தமிழில் பொருள். தினம் பத்துச் சொல் போதும்.
4. "முதலில் என்ன செய்வீர்கள்?", "இவற்றில் எது சேராது?" என்று கேட்கும் கேள்விகளில்தான் பலர் மார்க்கை விடுகிறார்கள். நாலு பதிலும் சரி போலவே தெரியும். முதலில் எது, சேராதது எது என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டுவிட்டுப் பதிலைத் தேட வேண்டும்.

அம்மா கேட்க, மகள் சொல்ல

"நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்காதீர்கள். கீழே உள்ள கேள்விகளைச் சமைக்கும்போது நீங்கள் கேளுங்கள், மகள் பதில் சொல்லட்டும். இவை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நடப்பவை. ஆகவே உங்களுக்கும் பயன்படும்.

கேள்வி: பள்ளியில் தரும் குடல்புழு மாத்திரை அளவு என்ன?
பதில்: அல்பெண்டசோல் 400 மில்லி கிராம், ஒரு மாத்திரை. 1 வயது முதல் 2 வயது வரை பாதி. மென்று தின்ன வேண்டும். தேசியக் குடல்புழு நீக்க நாள்கள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10.

கேள்வி: வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை யாருக்கு?
பதில்: 10 முதல் 19 வயது வரை. 60 மில்லி கிராம் இரும்பு, 500 மைக்ரோ கிராம் போலிக் அமிலம். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். டீயோடு போடக் கூடாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: பள்ளிப் பருவத்தில் டி.டி. தடுப்பூசி எப்போது?
பதில்: 10 வயதிலும் 16 வயதிலும்.

கேள்வி: கண் பரிசோதனை அட்டைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?
பதில்: 6 மீட்டர், அதாவது 20 அடி.

கேள்வி: பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால்?
பதில்: உட்கார வைத்துத் தலையை முன்னால் சாய்க்க வேண்டும். மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணாந்து பார்க்க வைப்பது தவறு.

கேள்வி: வகுப்பில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
பதில்: பக்கத்தில் உள்ள பொருள்களை நகர்த்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர்?
பதில்: ஒரு லிட்டர். கரைத்து 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும்.

வீடு தர வேண்டியது நேரம்

நாங்கள் பார்த்தவரை, படித்த பெண்கள் தேர்வில் தவறுவதற்குப் பெரிய காரணம் மூளை இல்லை, நேரம்தான். தண்ணீர் பிடிக்க ஒரு கூப்பாடு, மாட்டுக்குப் புல்லு என்று ஒரு கூப்பாடு, விருந்தாள் வந்தால் காபிக்கு ஒரு கூப்பாடு. அதே வீட்டில் பையன் போலீஸ் தேர்வுக்குப் படித்தால் "அவனை எழுப்பாதே" என்கிறோம். மகளுக்கும் அதே சட்டம் வேண்டாமா?

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். காலை 4 முதல் 6 வரையோ, இரவு சாப்பாட்டுக்குப் பிறகோ, எது வீட்டுக்கு ஒத்து வருமோ அது. அந்த நேரத்தில் டி.வி. வேண்டாம். ஆறு மாதம் இப்படிப் போனால் 360 மணி நேரம் சேரும். சிறுசேமிப்பு எப்படிச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியாதா?

மருமகளையும் மறக்காதீர்கள். டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பதிவு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. வயது வரம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியாராக இருக்கும் உறுப்பினர்களே, அந்த இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டால் போதும்.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுக் குடும்பங்களில் நர்சிங் படித்தவர், படிக்கிறவர் எத்தனை பேர்? கவுன்சில் பதிவு எத்தனை பேரிடம் இருக்கிறது?
2. படிப்புக்காக உள்கடன் கேட்டால், அங்கீகாரம் சரிபார்த்த பிறகே கொடுப்பது என்று தீர்மான நோட்டில் எழுதலாமா?
3. தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து படிக்கக் கூட்டம் நடக்கும் கட்டடத்தைத் தினம் இரண்டு மணி நேரம் திறந்து விடலாமா? சாவி யாரிடம்?

ஊக்குநர்கள் இந்த மூன்றுக்கும் பதிலை எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பதிவு இல்லாதவர்களின் பட்டியல் வந்தால், கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கத் தேவையான தாள்களை நாங்கள் உடன் இருந்து சரிபார்த்துத் தருகிறோம்.