சுவிட்ச் எங்கே என்று விருந்தாளிக்குத் தெரியுமா?

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகக் கைத்தறி பெட்ஷீட், போர்வை, துண்டு விற்கிறோம். பத்து மாதத்துக்கு முன் 60,000 ரூபாய் செலவழித்து வெப்சைட் போட்டோம். தினமும் ஆட்கள் வந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் ஆர்டர் வருவதில்லை, ஃபோன்தான் வருகிறது. "டபுள் காட்டுக்கு இருக்குங்களா?", "ரேட்டு எங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே வெப்சைட்டில் இருக்கின்றன! செய்துகொடுத்த தம்பி, "எல்லாமே மூணு க்ளிக்குக்குள்ள இருக்குக்கா, அவங்களுக்குத்தான் பார்க்கத் தெரியல" என்கிறார். சோதித்துத் தரச் சொல்லி ஒரு கம்பெனியில் கேட்டால் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். போட்ட பணம் போச்சா? மூடிவிடலாமா?

– கே. எஸ்., சென்னிமலை

பதில்: மூட வேண்டாம் அம்மா. பணமும் போகவில்லை. உங்களுக்கு ஃபோன் செய்பவர்கள் வாங்க மனமுள்ளவர்கள். வழி தெரியவில்லை, விட்டுப் போகவும் மனமில்லை, அதனால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அடிக்கடி பார்க்கிற கோளாறுதான் இது, சரிசெய்துவிடலாம். அதற்கு லட்சம் தேவையில்லை. ஒரு வார நேரமும் ஐந்து பேரும் இருந்தால் போதும்.

ஏன் இப்படி ஆகிறது?

உங்கள் வீட்டு ஹாலில் ஏழெட்டு சுவிட்ச் உள்ள போர்டு ஒன்று இருக்கும். இருட்டில் கை வைத்தாலும் ஃபேன் சுவிட்ச் எது என்று உங்களுக்குத் தெரியும். விருந்தாளி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். வாசல் விளக்கு எரியும், டிவி அணையும். அவருக்கு அறிவு குறைவு என்று யாராவது சொல்வோமா? வெப்சைட்டைச் செய்த தம்பியும் அதைத் தினமும் பார்க்கும் நீங்களும் வீட்டுக்காரர்கள். விருந்தாளியின் தடுமாற்றம் உங்கள் இருவர் கண்ணிலும் படாது.

நீங்கள் எழுதி அனுப்பிய மெனுவைப் பார்த்தேன். 'முகப்பு, எங்கள் மரபு, கலெக்‌ஷன்ஸ், தொடர்புக்கு.' கலெக்‌ஷன்ஸைத் திறந்தால் '20-ஆம் நம்பர் நூல், 40-ஆம் நம்பர் நூல், ஜக்கார்டு.' தறி வைத்திருப்பவருக்கு இது சரியான வரிசை. வாங்க வருகிறவர் மனதில் இருப்பதோ அவர் வீட்டுக் கட்டில். 'டபுள் காட்' என்ற சொல்லைத் தேடுகிறார். அது ஜக்கார்டுக்குள், மூன்றாவது படத்துக்கு அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்டு இருவரும் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். இரை தேடும் பிராணி மோப்பம் பிடித்துப் போவதைப் போலத்தான் மனிதர்கள் தகவலையும் தேடுகிறார்கள் என்றார்கள். ஒரு சொல்லைப் பார்த்ததும், 'நான் தேடுவது இதற்குள் இருக்கும்' என்ற வாசம் வர வேண்டும். 'கலெக்‌ஷன்ஸ்' என்ற சொல்லில் டபுள் காட்டின் வாசமே இல்லை.

தம்பி சொல்லும் மூன்று க்ளிக் கணக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003-இல் ஜோஷுவா போர்ட்டர் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார். க்ளிக் எண்ணிக்கை கூடுவதால் ஆட்கள் தேடலைக் கைவிடுவதாகத் தெரியவில்லை. சரியான வழியில் போகிறோம் என்ற நம்பிக்கை இருந்தால் ஐந்தாவது க்ளிக்கும் செய்வார்கள். நம்பிக்கை போனால் முதல் க்ளிக்கோடு சரி.

என்ன செய்யலாம்?

முதலில் காகிதத்தில் தொடங்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு சீட்டாக வெட்டி, பின்பக்கம் ஒரு சீட்டுக்கு ஒரு சரக்காக முப்பது சரக்கு எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரிடம் கொடுத்து, 'உங்களுக்குச் சரியென்று படுகிறபடி பிரித்து, ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு பேர் வையுங்கள்' என்று சொல்லுங்கள். இதற்குக் கார்டு சார்ட்டிங் (சீட்டுப் பிரித்தல்) என்று பெயர். அவர்கள் வைக்கும் பெயர்களே உங்கள் புது மெனுவுக்கு விதை.

புது மெனுவைப் படமோ நிறமோ இல்லாமல் வெறும் பெயர்ப்பட்டியலாக எழுதி, வேறு சிலரிடம் காட்டுங்கள். "பெரிய கட்டிலுக்கு விரிப்பு வேண்டும், எதைத் தொடுவீர்கள்?" என்று கேளுங்கள். இது ட்ரீ டெஸ்ட்டிங் (மெனுவின் கிளைகளை மட்டும் வைத்து வழி தேடச் சொல்லும் சோதனை). முதல் விரல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் அடி சரியாக விழுந்தால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அதன்பின் வெப்சைட்டையே சோதியுங்கள். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்குப்படி, சோதனையில் உட்காரும் ஒருவர் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகளைக் காட்டிக்கொடுப்பார். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆறாவது ஆளிடம் பெரும்பாலும் பார்த்ததையே மறுபடி பார்ப்பீர்கள். ஆகவே பதினைந்து பேரை ஒரே நாளில் கூப்பிடாதீர்கள். ஐந்து பேரோடு நிறுத்தித் திருத்தம் செய்துவிட்டு, புதிதாக ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்.

அந்த ஐவரில் சொந்தக்காரர் வேண்டாம், தம்பியின் நண்பர்களும் வேண்டாம். ஒரு டீச்சர், ஒரு லாட்ஜ்காரர், வெளியூரில் வேலை பார்க்கும் பெண் என்று உங்களிடம் வாங்கக்கூடியவர்களாகப் பாருங்கள். அவரவர் ஃபோனிலேயே பார்க்கட்டும். "சோதனை எங்கள் வெப்சைட்டுக்குத்தான், உங்களுக்கு இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் கட்டும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். அவர்கள் கார்டு நம்பரோ ஓடிபியோ நமக்கு வேண்டாம்.

வேலையைக் கதையாகக் கொடுங்கள். "அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். ஹால் கட்டிலுக்கு 1,000 ரூபாய்க்குள் விரிப்பு எடுக்க வேண்டும்." இதில் உங்கள் மெனுவில் உள்ள சொல் எதுவும் வரக்கூடாது, வந்தால் விடையைச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தேடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் க்ளேட்டன் லூயிஸ் 1982-இல் எழுதிவைத்த முறை இது.

இனிதான் கஷ்டமான பகுதி: நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. தண்ணீர் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்துப் பழகியவர்கள் நாம். பக்கத்தில் ஒருவர் திணறும்போது கை தானாக நீளும். "இதை அழுத்தட்டுங்களா?" என்று கேட்டால், "நான் இங்க இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

நான் நடத்திய ஒரு சோதனையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தார். திரையின் மூலையில் மூன்று கோடுகள் இருந்தன. அதை அழுத்தினால்தான் மெனு விரியும். அவர் கட்டைவிரல் அதன்மேல் இரண்டு முறை போய் நின்றது. இரண்டு முறையும் திரும்பிவிட்டது. கேட்டதற்கு, "ஏதோ டிசைன்னு நினைச்சேன், தொட்டா கெட்டுடுமோன்னு விட்டுட்டேன்" என்றார். 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த குறி அது. இத்தனை ஆண்டு கழித்தும் எல்லோருக்கும் புரிகிற குறி என்று சொல்ல முடியாது. கோடுகளுக்குக் கீழே 'மெனு' என்று எழுதினோம். அடுத்த சுற்றில் யாரும் அங்கே நிற்கவில்லை. அந்த ஆசிரியர் போகும்போது என்ன சொன்னார் தெரியுமா? "வெப்சைட் ரொம்ப நல்லா இருக்கு சார்." நம் ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். வாய் சொல்வதைவிட விரல் போகும் இடத்தை நம்புங்கள்.

ஆளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, டீ கொடுத்து, ஒரு துண்டும் அன்பளிப்பாகக் கொடுங்கள். அதுதான் மொத்தச் செலவு. தம்பியையும் கூடவே உட்காரவையுங்கள். அவரைக் குறை சொல்ல வேண்டியிருக்காது. மூன்றாவது ஆளும் அதே இடத்தில் தடுமாறும்போது அவரே பேனா எடுத்துவிடுவார். எல்லோரையும் நிறுத்திய மூன்று இடங்களை மட்டும் முதலில் திருத்தச் சொல்லுங்கள்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தடுக்குகிறது, ஏன் தடுக்குகிறது என்பதை ஐந்து பேர் காட்டுவார்கள். நூற்றில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கணக்கை அவர்களை வைத்துப் போட முடியாது. அந்தக் கேள்வி வரும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்த பிறகு கம்பெனியைக் கூப்பிடலாம்.

சீட்டு வெட்டும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை அம்மா. ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். அடுத்து யாராவது "ரேட்டு எங்கங்க?" என்று கேட்டால், ரேட்டைச் சொல்லிவிட்டு, "வெப்சைட்ல எதை அழுத்திப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இருபது ஃபோனுக்குள் எந்த சுவிட்சுக்கு என்ன பேர் எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும்.