உதவியும் அபிவிருத்தியும்: மலைநாட்டுச் சிறு விவசாயிகள்
மாணவர்களே, “உதவி, அபிவிருத்தி ஆகியவற்றை வேறுபடுத்துக” என்று வினவினால் வரைவிலக்கணத்துடன் நிறுத்தாது, உதாரணமும் தருக.

உதாரணம்: கண்டிப் பகுதியில் 1997இல் உருவான சிறு சேதன விவசாயிகள் சங்கம். இதன் உறுப்பினர்கள் சிறு காணிகளில் தேயிலையும் வாசனைத் திரவியங்களும் பயிரிடுவோர். நியாய வர்த்தக முறையின்படி, விளைபொருளின் விலைக்கு மேலதிகமாகச் சங்கத்துக்கு ஒரு சமூக நிதி கிடைக்கும். அதைத் தேயிலைக் கன்றுகளுக்குச் செலவிடுவதா, பாதைக்கா, பிள்ளைகளின் கல்விக்கா என்பதை உறுப்பினர்களே கூடித் தீர்மானிப்பர்.

வேறுபாடு: நன்கொடையாகக் கிடைக்கும் பசளை மூடை ஒரு போகத்துடன் தீர்ந்துவிடும். தீர்மானிக்கும் உரிமையோ விவசாயியிடம் நிலைத்திருக்கும்.

குறைபாடு: நியாய வர்த்தகப் பொருளாக விற்பனையாகும் அளவுக்கே இந்நிதி கிடைக்கும். வெளிநாட்டில் கேள்வி குறைந்தால் நிதியும் குறையும்.

கவனிக்க: நன்மையை மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.