எத்தனை டன் என்பது இரண்டாவது கேள்வி

சிவகாசியில் காலண்டர் சீசன் சூடுபிடிக்கும் மாதங்களில் அச்சகங்களுக்கு லாரி லாரியாகக் காகிதம் வந்து இறங்கும். அது கட்டிங் மெஷினுக்குப் போய், அங்கிருந்து அச்சு இயந்திரத்துக்கு ஏறி, பைண்டிங்குக்குத் திரும்பி வருவதற்குள் எத்தனையோ பேர் குனிந்து எடுத்து நிமிர்ந்து வைத்திருப்பார்கள். 23-க்கு 36 அங்குல அளவில் 70 ஜிஎஸ்எம் காகிதம் ஒரு ரீம், அதாவது 500 தாள், ஏறக்குறைய 18.7 கிலோ. இந்தக் குனிதலையும் நிமிர்தலையும் குறைக்க வந்த கருவிதான் லிஃப்ட் டேபிள்: மேலே ஒரு இரும்பு மேடை, அடியில் கத்தரியைப் போல விரிந்து மடங்கும் கால்கள், அவற்றைத் தள்ளி உயர்த்தும் ஹைட்ராலிக் சிலிண்டர். நூற்பாலை, வார்ப்படப் பட்டறை, கிடங்கு என்று பாரம் கைமாறும் இடமெல்லாம் இதற்கு வேலை இருக்கிறது. அதை வாங்குவோரிடமும் இயக்குவோரிடமும் வேரூன்றிய சில நம்பிக்கைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: முழங்காலை மடக்கித் தூக்கப் பழக்கிவிட்டு, இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். மேடை எதற்கு?

இடுப்பு பெல்ட்டை ஆராய்ந்து முடிவு சொல்லியாகிவிட்டது. அமெரிக்காவில் நையோஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பெல்ட் முதுகைக் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1994-லேயே அறிவித்தது. பிறகு 160 கடைகளில் சரக்கு கையாளும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் அதே நிறுவனம் ஆய்வு நடத்தியது. முடிவு 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியானது. தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இடையே முதுகுக் காயத்திலோ முதுகுவலியிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பாரம் தரையில் கிடக்கும்வரை எந்த முறையும் ஓரளவுக்குத்தான் உதவும். இதையும் எண்ணால் பார்க்கலாம். நையோஷின் தூக்கல் சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. எல்லாமே தோதாக அமைந்தால் அதுதான் உச்ச வரம்பு. பாரம் உடலிலிருந்து விலக விலக, கை தாழத் தாழ, உடல் திரும்பத் திரும்ப அந்த 23 குறைந்துகொண்டே வரும். தரையில் வைத்த பேலட்டின் அடி வரிசையிலிருந்து ஒருவர் காகிதம் எடுக்கிறார். கை 15 செ.மீ. உயரத்தில், பாரம் உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளி, 45 பாகை திரும்பி 75 செ.மீ. உயரத்தில் வைக்கிறார். கணக்கு தரும் விடை சுமார் 7 கிலோ. அதே பேலட்டை மேடையில் ஏற்றி, எடுக்கும் உயரமும் வைக்கும் உயரமும் 75 செ.மீ. என்று ஆக்கி, திரும்பாமல் எடுக்கும்படி நிறுத்தினால் வரம்பு 11.5 கிலோவாக உயர்கிறது. அகலமான கட்டு உடலை ஒட்டி வராது என்பதால் 50 செ.மீ. தூரத்தை அப்படியே விட்டுவிட்ட கணக்கு இது.

அரை ரீம் 9.4 கிலோ. தரையிலிருந்து எடுத்தால் அது வரம்பை மீறுகிறது. மேடையிலிருந்து எடுத்தால் வரம்புக்குள் வருகிறது. முழு ரீம் இரண்டிலுமே மீறல்தான். பிடிமானம் சரியில்லை, மணிக்கணக்கில் அடுத்தடுத்துத் தூக்க வேண்டும் என்றால் வரம்பு இன்னும் இறங்கும். எனவேதான் நல்ல அச்சகங்களில் கட்டிங் மெஷினை ஒட்டி மேடையை நிறுத்தி, அடுக்கின் மேல்மட்டத்தை மெஷின் மேசையின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கட்டைத் தூக்க வேண்டியதில்லை, இழுத்துத் தள்ளினால் போதும். போட்டோசெல் பொருத்திய மேடை என்றால் தாள் குறையக் குறைய அதுவே உயர்ந்து கொடுக்கும்.

நம்பிக்கை: 1 டன் என்று தகட்டில் அடித்திருந்தால் எப்படி வைத்தாலும் 1 டன் தாங்கும்.

தாங்காது. அந்த எண், மேடை முழுவதும் சீராகப் பரப்பி வைத்த பாரத்துக்கானது. லிஃப்ட் டேபிளுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 1570, மேடையின் பாதி நீளத்தில் மட்டும் பாரம் இருந்தால் குறித்த எடையில் 50 சதவீதத்தையும், பாதி அகலத்தில் மட்டும் இருந்தால் 33 சதவீதத்தையும் கணக்கில் எடுக்கிறது. 1 டன் மேடையின் பக்கவாட்டு ஓரத்தில் 600 கிலோ அச்சு உருளையை இறக்கி வைப்பவர் எடை குறைவுதானே என்று நினைக்கலாம். கால்களுக்கும் ஊசிகளுக்கும் அது மிகைச்சுமை.

இன்னும் கவனிக்க வேண்டியது உருண்டு வரும் பாரம். பேலட் டிரக் மேடையில் ஏறும் கணத்தில் எடையின் பெரும்பகுதி இரண்டு சிறிய சக்கரங்கள் வழியாக ஓரத்தில் இறங்குகிறது. மேடை தரை மட்டத்தில் இருக்கும்போது ஏற்றுவது ஒன்று, லாரியின் மட்டத்துக்கு உயர்த்தியபின் ஏற்றுவது வேறு. இரண்டாவது தேவைப்பட்டால் அதை ஆர்டரிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

சிலிண்டரின் நிலைமையும் பலர் நினைப்பதற்கு நேர்மாறு. மேடை உயரத்தில் நிற்கும்போதுதான் அது அதிகம் சிரமப்படும் என்று தோன்றும். உண்மையில் தொடங்கும்போதுதான் அதற்கு உயிர் போகிறது. அடிச்சட்டத்தில் கிடைமட்டமாகச் சிலிண்டர் பொருத்திய எளிய அமைப்பில், கால்கள் 45 பாகையில் இருக்கும்போது 1 டன்னைத் தூக்க 1 டன் விசை போதும். கால்கள் மடங்கி 10 பாகையில் கிடக்கும்போது அதே 1 டன்னுக்கு 5.67 டன் விசை வேண்டும். கீழே கிடக்கும் மேடை பாரத்தோடு கிளம்பத் திணறினால், ரிலீஃப் வால்வை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடுவது பட்டறைகளில் நடக்கும் வைத்தியம். அந்த வால்வு மிகைச்சுமையைத் தூக்க விடாமல் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டது.

நம்பிக்கை: உயரமாகப் போகிற மேடைதான் நல்ல மேடை.

வாங்கிய பிறகு வருத்தப்படுவோர் பெரும்பாலும் வருந்துவது தாழ்ந்த உயரத்தைப் பற்றி. பேலட் டிரக்கின் முள், இறக்கிய நிலையில் தரையிலிருந்து சுமார் 8 செ.மீ. உயரத்தில் நிற்கும். சாதாரண 1 டன் மேடை முழுதும் மடங்கினாலும் 20 செ.மீ. அளவில் நிற்கும். பேலட்டை எப்படி ஏற்றுவது? தரையில் குழி வெட்டி மேடையைப் பதிக்கலாம், ஃபோர்க்லிஃப்ட் வைத்துக்கொள்ளலாம், சரிவுத் தகட்டோடு வரும் 8 செ.மீ. தாழ்மேடையையோ நடுவில் டிரக் நுழைய இடம் விட்ட U வடிவ மேடையையோ வாங்கலாம். குழி என்றால் மழைநீர் வெளியேற வழியும், காகிதத் தூசியை வழித்தெடுக்க இடமும் முதலிலேயே திட்டமிட வேண்டும். உயரத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரே ஜோடிக் கத்தரிக்கால் கொண்ட மேடை தன் நீளத்தைவிட அதிகம் உயராது. அதற்கு மேல் போக இரட்டைக் கத்தரி வேண்டும், அது கூடுதலாக ஆடும்.

நம்பிக்கை: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் மேடைக்கு அடியில் கைவிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஒரு நம்பிக்கையை மட்டுமாவது ஒவ்வொரு தொழிற்கூடத்திலிருந்தும் துடைத்தெறிய வேண்டும். பெரும்பாலான மேடைகளில் ஏறுவதற்குத்தான் மோட்டார். இறங்குவது சொந்த எடையில். வால்வு திறந்தால் போதும், கரன்ட் இல்லாவிட்டாலும் மேடை இறங்கும். வால்வில் சிக்கிய ஒரு துகள், தேய்ந்த சீல், தவறிப்போய்த் தளர்த்திய ஒரு இணைப்பு, எது வேண்டுமானாலும் அதற்குக் காரணமாகலாம். ஹோஸ் வெடித்தால் எண்ணெய் பாயும் வேகத்தாலேயே மூடிக்கொள்ளும் வால்வு சிலிண்டர் வாயில் இருக்கும். பாய்ச்சல் வேகமாக இருந்தால்தான் அது மூடும். மெல்லிய கசிவுக்கு மூடாது. சிலிண்டரையே கழற்றும்போது அதனால் பயனும் இல்லை.

சரியான வழி ஒன்றுதான். பாரத்தை முழுக்க இறக்கிவிட்டு, வெறும் மேடையை உயர்த்தி, மேடையோடு வரும் முட்டுக் கம்பியை அதன் இடத்தில் நிறுத்தி, மேடை அதன்மேல் உட்காரும்வரை இறக்கி, பிறகு மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். கையில் கிடைத்த மரக்கட்டையை முட்டாகக் கொடுப்பது உயிரைப் பணயம் வைப்பது. வேலை நடக்கும்போது வேறொரு ஆபத்து: இறங்கும் மேடைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே கால் மாட்டிக்கொள்ளலாம். மேடையைச் சுற்றி ஓடும் தொடுபட்டை இதற்காகத்தான். கால் பட்டதும் அது இறக்கத்தை நிறுத்திவிடும். விலையைக் குறைக்க அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

நம்பிக்கை: சரக்கோடு ஓர் ஆளும் ஏறிப் போனால் என்ன?

கைப்பிடி வேலியும் கதவும் வைத்து, ஆளுக்கென்று வடிவமைத்த மேடை தனி. சரக்கு மேடையில் ஆள் ஏறக்கூடாது. பல்பு மாற்றுவதற்கும் ஏறக்கூடாது.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு.

தொழிலாளிக்குக் காயம் உண்டாக்கும் அளவு எடையைத் தூக்கவோ சுமக்கவோ வைக்கக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொன்னது. பெரிய ஆலைக்குத் தனியாக, சிறிய பட்டறைக்குத் தனியாக என்று முதுகெலும்பு கிடையாது. காலால் மிதித்து ஏற்றும் தள்ளுவண்டி மேடைக்கு மின்சாரமே தேவையில்லை. சில நூறு கிலோ பாரத்துக்கு அது போதும். பேலட் வேலைக்குச் சுருள்வில் மேடை இருக்கிறது: பெட்டிகளை அடுக்க அடுக்க வில் அமுங்கி மேடை தாழும், எடுக்க எடுக்க எழும். மேல் வரிசை எப்போதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். அதன்மேல் சுழல்தட்டும் இருந்தால் பேலட்டின் மறுபக்கத்துக்கு எட்டிக் கைநீட்ட வேண்டாம்.

செலவைக் குறைக்கப் பழைய மேடை வாங்குகிறவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். எடை குறித்த தகடு இருக்கிறதா, முட்டுக் கம்பி இருக்கிறதா? பிறகு தங்கள் பாரத்தையே ஏற்றி, பாதி உயரத்தில் நிறுத்தி, சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம். கோட்டிலிருந்து மேடை இறங்கியிருந்தால் சீலோ வால்வோ கசிகிறது. அதைச் சரிசெய்து தரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.