தொட்டியில் பிழைத்த குலம்

நம் திருவனந்தபுரத்து ஓடைக்கரை ஒன்றில் நின்று சற்றே குனிந்து பாருங்கள். வண்ண வாலை அசைத்தபடி சிறு மீன்கள் கூட்டமாய்த் திரியும். கப்பி என்று அவற்றை எல்லாரும் அறிவர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீனை, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று இங்கே நீரில் விட்டார்கள். இது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது! ஒருமுறை ஆணோடு கூடிய பெண் கப்பி, விந்தணுக்களைத் தன் உடலில் பல மாதம் சேமித்து, அடுத்தடுத்த ஈற்றுகளுக்குப் பயன்படுத்தும். ஒரு குளம் நிறைய, சினையுற்ற ஒரு பெண் மீனே போதும்.

இதே குட்டி போடும் வகையில், அருகி அழியப் பார்த்து மீண்ட மீன் ஒன்றும் உண்டு. அதுவே மெக்சிகோவின் டெக்கீலா மீன். டெக்கீலா எரிமலையின் பெயரை 1998இல் அறிவியலார் அதற்குச் சூட்டினர். ஆண் மீனின் வாலில் பிறை போன்ற செம்மஞ்சள் பட்டை அழகு செய்யும். வயிற்றிலுள்ள குஞ்சுகளின் உடலிலிருந்து நாடா போன்ற இழைகள் நீண்டு, தாயிடமிருந்து ஊட்டத்தை உறிஞ்சுகின்றன. விந்தையன்றோ! ஆனால், கப்பிக்குள்ள சேமிப்பு இதற்கில்லை. ஒவ்வோர் ஈற்றுக்கும் ஆண் துணை வேண்டும். ஆகவே, குறைந்தால் விரைவில் மீளாது.

ஹலிஸ்கோ மாநிலத்துத் தெயுச்சித்லான் ஆறே அதன் வீடு. நீர் மாசுபட்டது, அயல் மீன்கள் புகுந்தன. 2003 அளவில் ஆற்றில் அம்மீன் இல்லையென்றாயிற்று. எஞ்சியவை மீன் வளர்ப்போரின் கண்ணாடித் தொட்டிகளில் இருந்தன. நல்வேளையாக, இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்கா 1998இலேயே 5 இணைகளை மெக்சிகோவின் மிச்சோவாகான் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியிருந்தது. அவற்றின் வழிவந்த 1,500 மீன்கள் பின்னர் ஆற்றில் விடப்பட்டு, அங்கே பெருகின.

இத்தகைய மீனை வளர்ப்பது எப்படி? அகன்ற தொட்டி வேண்டும். நீர் 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் இருத்தல் நலம். நம் ஊர் வெயிலுக்கு, அறையின் குளிர்ந்த மூலையே தக்க இடம். குஞ்சுகள் ஒளியப் பாசியும் நீர்ச்செடியும் இடுக. வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுக. சினைக்காலம் ஏறக்குறைய இரண்டு மாதம், பொறுமை வேண்டும். நெருங்கிய இன மீனைச் சேர்த்து வளர்க்கலாகாது. கலப்பு நேர்ந்தால் குலத்தூய்மை கெடும். மற்ற வளர்ப்போருடன் மீன்களை மாற்றிக்கொண்டால், ஒரே குடும்பத்துக்குள் இனம் பெருகும் கேடு குறையும்.

தொட்டி காக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மிஸ் கேரளா மீன், தொட்டி அழகுக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் அருகிப்போனது. தாமிரபரணிக் கரையிலிருந்து இங்கு படிக்க வந்த எனக்கு, இரண்டு ஊர் ஆறுகளும் ஒன்றுதான். ஆகவே, விடுதித் தொட்டியைக் கழுவும் நாளில், மிஞ்சிய கப்பிகளைக் கரமனையாற்றில் கொட்டிவிடாதீர்கள். பக்கத்து அறை நண்பரிடம் கொடுங்கள்; வளர்க்கவும் கற்றுக்கொடுங்கள்.